ஜெனியின் நெஞ்சில் சத்தம் குறைந்தபோது

ஒரு குழந்தையின் நெஞ்சில் கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை என்பதற்காக நான் ஒருமுறை சிரித்திருக்கிறேன். சிரித்ததோடு நிற்கவில்லை. அந்தத் தாயின் தோளைத் தட்டி, "இனிமே பயமில்லம்மா" என்றும் சொன்னேன். குழந்தை மருத்துவத்தில் முப்பது வருடம் இருந்து, ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தால் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நீங்கள் இப்போதுதான் டாக்டராக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நான் ஒழுங்காகச் செய்த காரியங்களைப் பற்றி என் பிரிவு உபசார விழாவில் மற்றவர்கள் பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உங்களுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதனால் ஜெனியைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். புதுவாயல் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால் வந்துவிடலாம், அவ்வளவு போதும். காலையில் வெளிநோயாளிப் பிரிவைத் திறக்கும்போதே கம்பெனி சீருடையில் அம்மாக்கள் நிற்பார்கள். சிலர் ஷிப்ட் முடிந்து நேராகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். சிலர் மத்தியான ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரம் மெல்ல நமக்கும் ஒட்டிக்கொள்ளும். நமக்கு ஒட்டிக்கொண்டது நமக்கே தெரியாது.

எஸ்தரும் அப்படி நின்றவள்தான். கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. வீடு கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். முதல்முறை வந்தபோது அவள் மகள் ஜெனிக்கு மூன்று மாதம்.

"பால் குடிக்கச் சொல்லோ நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது மேடம். ரெண்டு வாய் குடிச்சா மூச்சு வாங்குது, அப்டியே தூங்கிடுது" என்றாள். "வெயிலுக்கு வேர்க்குதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க."

குழந்தையின் எடை பிறந்த எடையைவிடக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் ஊடே ரம்பம் இழுப்பதுபோலப் பெரிய சத்தம். நெஞ்சில் கை வைத்தாலே உள்ளங்கையில் அதிர்ந்தது. சென்னைக்கு அனுப்பி எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்ததில் நான் நினைத்ததுதான் வந்தது. இதயத்தில் பிறவி ஓட்டை. சின்னது இல்லை, பெரியது.

உங்களுக்கு இதெல்லாம் பாடம். ஆனாலும் அந்தப் பெற்றோருக்கு நான் சொன்ன மாதிரியே இங்கே சொல்கிறேன். பின்னால் நடந்த எல்லாமே அந்த விளக்கத்துக்குள்தான் இருந்தது, நான்தான் மறந்துவிட்டேன். இதயத்தின் கீழ்ப்பாதியில் இரண்டு அறைகள். நடுவில் ஒரு சுவர். இடது அறை உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிறது, அதனால் அங்கே அழுத்தம் அதிகம். வலது அறை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது, அங்கே அழுத்தம் குறைவு. ஜெனிக்கு அந்தச் சுவர் முழுதாக மூடாமல் பிறந்திருக்கிறது. அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு ரத்தம் பாய்கிறது. தேவைக்கு மேல் ரத்தம் நுரையீரலுக்குள் போய் நிரம்புகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது. நாம் கேட்பது அந்தப் பாய்ச்சலின் சத்தம்.

எஸ்தரின் கணவன் மோசஸ் அதுவரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். கிட்டே வந்தான்.

"ரெண்டு பக்கமும் ப்ரெஷர் வேற வேறயா மேடம்?"

"ஆமாம்பா."

"அதான் சவுண்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அவன் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். நான் படம் போட்டுச் சொன்னதை எஸ்தர் பயத்தோடு பார்த்தாள். அவன் தொழில் தெரிந்தவன் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், அதுவரை மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். சென்னையில் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் குழந்தைக்கு நிமோனியா. இரண்டாவது தேதி கொடுத்தார்கள். அப்போதும் சளி, காய்ச்சல், மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தேதிக்குக் கூப்பிடுவார்கள் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவர்களே போய்க் கேட்பார்கள் என்று நான் இருந்தேன். போனை எடுத்து நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் திருப்பாச்சூரிலிருந்து வந்த இன்னொரு குழந்தையின் விஷயம் நடந்தது. நெல் பயிரிடும் குடும்பம். அந்தப் பெண் குழந்தைக்கும் அதே சுவரில் ஓட்டை, ஆனால் மிகச் சின்னது. சின்ன ஓட்டைக்குச் சத்தம் அதிகமாக இருக்கும், குழந்தை நன்றாக இருக்கும். நிறையப் பேருக்கு அது தானாகவே மூடிவிடும். அவளுக்கும் மூடியது. சத்தம் மாதாமாதம் குறைந்து, ஒருநாள் காணாமலே போனது. எக்கோவிலும் ஓட்டை இல்லை. குடும்பமே திரண்டு வந்து கும்பிட்டது. நான் ஒன்றுமே செய்யவில்லை, இருந்தாலும் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். சத்தம் குறைந்தால் ஓட்டை மூடுகிறது என்று என் காது ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டது.

சில வாரம் கழித்து எஸ்தர் வந்தாள். ஜெனிக்கு அப்போது ஒன்றரை வயது. நடந்தே உள்ளே வந்தது. கன்னம் பூசியிருந்தது. என் மேஜை மேலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்றது.

"இப்ப வேர்க்கறதில்ல மேடம். நாஷ்டாக்கு ரெண்டு இட்லி துண்ணுது. மூச்சும் வாங்கல."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். ரம்பச் சத்தம் இல்லை. லேசாக ஊதுவதுபோல ஒன்று, அதுவும் சட்டென்று முடிந்துவிட்டது. வெளியே வரிசை கேட் வரை நின்றது. பக்கத்தில் ஒரு குழந்தை வலிப்போடு வந்திருந்தது, சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் சிரித்தேன்.

"ஓட்டை மூடிக்கிட்டு வருது எஸ்தர். ஆபரேஷனே தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். இனிமே பயமில்லம்மா. எப்பவாவது ஒரு எக்கோ எடுத்துப் பாத்துக்கலாம், அவசரமில்ல."

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வார்டில் எல்லோரும் சாப்பிட்டோம்.

அவசரமில்லை என்று ஒரு மருத்துவர் சொன்னால், ஷிப்ட் வேலை பார்க்கிற குடும்பத்தின் காதில் அது வேண்டாம் என்றுதான் விழும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. நீங்கள் யோசியுங்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை முற்பகல் ஜெனியை மறுபடியும் பார்த்தேன். வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்து புருவத்தில் வெட்டு. இரண்டு தையல் போட வேண்டும். அழுது புரளுகிற குழந்தைக்கு லேசாகத் தூக்க மருந்து கொடுக்கலாம் என்று சொன்னேன். மருந்து கொடுக்குமுன் சிஸ்டர் வழக்கம்போல விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினார்.

"மேடம், இது எண்பத்தெட்டு காட்டுது" என்றார்.

"அழுதுட்டுக் கைய ஆட்டறா. வேற விரல்ல போடுங்க."

வேறு விரல். எண்பத்தொன்பது. கால் கட்டைவிரல். எண்பத்தெட்டு.

"மெஷின் சரியில்ல போல" என்று சொல்லிக்கொண்டே கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டிக்கொண்டேன். தொண்ணூற்றெட்டு.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

குழந்தையின் உதட்டைப் பார்த்தேன். அழும்போது எந்தக் குழந்தைக்கும் உதடு கொஞ்சம் கறுக்கும் என்று நாம் சொல்லிக்கொள்வோம். அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாத நீலம் அது. எஸ்தரிடம் கேட்டேன்.

"இது எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"அழுதா மட்டும்தான் மேடம். நாவப்பழம் துண்ண மாதிரி ஆயிடும். அப்புறம் சரியாப் போயிடும். நீங்கதான் மூடிக்கினு வருதுன்னு சொன்னீங்களே, அதான் நாங்க கண்டுக்கல."

ஜெனி அழுது ஓய்ந்து அம்மாவின் தோளில் சாய்ந்த பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். பாய்ச்சல் சத்தம் துளியும் இல்லை. அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது வேறு. இதயத்தின் 'லப்-டப்'பில் இரண்டாவது ஒலி, சாதாரணமாக மென்மையாக முடிவது, இரும்புக் கதவை அறைந்து சாத்துவதுபோலக் காதில் விழுந்தது. நுரையீரலில் அழுத்தம் ஏறிப்போனால் அப்படித்தான் கேட்கும். ஒன்றரை வயதில் நான் கேட்டபோதும் அந்த ஒலி அங்கேதான் இருந்திருக்கும். சத்தம் குறைந்த சந்தோஷத்தில் அதோடு நிறுத்திக்கொண்டேன், அடுத்ததைக் கேட்கவே இல்லை.

தையலை சிஸ்டரிடம் விட்டுவிட்டு வெளியே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். முப்பது வருடத்தில் ஒரு நோயாளியை நடுவில் விட்டுவிட்டு நான் எழுந்து போனது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை காலை முதல் ரயிலில் அவர்களோடு நானும் சென்னைக்குப் போனேன். எக்கோ எடுத்த மருத்துவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரிடம்தான் நான் அன்றைக்குப் பாடம் கேட்டேன். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. திரையில் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஓட்டை அப்படியேதான் இருக்கு மேடம். ஒரு மில்லிமீட்டர்கூடச் சின்னதாகல."

"சத்தம்..."

"ரெண்டு பக்கமும் ப்ரெஷர் சமமாயிடுச்சு. பாய்ச்சல் இல்ல. அதான் சத்தமும் இல்ல."

புதியவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்கள் மாதக்கணக்கில் அந்த அதிகப்படியான ரத்தத்தைத் தாங்குகின்றன. தாங்க முடியாதபோது சுவர் தடித்து, உள்ளே குறுகிப்போகின்றன. அப்போது ரத்தம் முன்போல நுரையீரலுக்குள் போய் நிரம்புவதில்லை. மூச்சு வாங்குவது நிற்கும், வேர்ப்பது நிற்கும், குழந்தை சாப்பிடும், எடை போடும். சத்தம் குறையும். எல்லோரும் கும்பிடுவார்கள். அதன்பின் வலது பக்க அழுத்தம் இன்னும் ஏறினால், ஆக்சிஜன் குறைந்த கெட்ட ரத்தம் ஓட்டை வழியாக இடது பக்கம் வந்து உடம்புக்குள் போகும். குழந்தை நீலமாகும். அந்த நிலை முற்றிவிட்டால் ஓட்டையை மூடவும் முடியாது. மூடினால் வலது பக்கம் போக்கிடம் இல்லாமல் திணறி இதயம் நின்றுவிடும். ஒரு காலத்தில் உயிரைக் காப்பாற்றும் ஆபரேஷன் எதுவோ, அதே ஆபரேஷன் பிறகு உயிரை எடுக்கும்.

"நேரம் தாண்டிடுச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல. கதீட்டர் உள்ள விட்டு ப்ரெஷரை நேரா அளந்து பாக்கணும். ஆக்சிஜன் குடுத்தா நுரையீரல் கொஞ்சமாவது இளகுதான்னு பாக்கணும். இளகலைன்னா நாம ஒண்ணும் பண்றதுக்கில்ல." பிறகு தயங்கிக் கேட்டார்: "சத்தம் எப்போ குறைஞ்சுது மேடம்?"

"எட்டு மாசம் முன்னாடி. நான்தான் கேட்டேன்."

அவர் கதீட்டர் சோதனைக்குச் சீட்டு எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு அளக்கும் அந்தக் கதீட்டர் சோதனை அந்த வாரமே நடந்தது. ஆக்சிஜன் கொடுத்தபோது அழுத்தம் இறங்கியது. நிறைய இல்லை, கொஞ்சம். ஆபரேஷன் செய்யலாம் என்று துணிச்சலாகச் சொல்லவும் முடியாது, முடியாது என்று கையை விரிக்கவும் முடியாது, அப்படி ஒரு எல்லைக்கோட்டில் இருந்தது. ஓட்டையை மூடும் துண்டில் வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை விட்டுத் தைக்கலாம், அழுத்தம் ஏறினால் அந்தத் துளை வழியாகத் தணியும் என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர். "நூறு பேர்ல எத்தனை பேர் பிழைப்பாங்கன்னு கேக்காதீங்க. இந்தக் குழந்தை டேபிள்லயே போகலாம். இல்ல, ஸ்கூலுக்கும் போகலாம். அப்பா அம்மா சொல்லட்டும்."

அதற்கு முந்தின நாள் எங்கள் மருத்துவமனையில் எனக்கு மேலே இருந்தவர் என்னை அறைக்குக் கூப்பிட்டிருந்தார். கெட்டவர் இல்லை. என் மேல் அக்கறை உள்ளவர்தான்.

"ரெண்டு தேதி அவங்கதான் தவறவிட்டிருக்காங்க. ரெகார்டுல இருக்கு" என்றார். "உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்குச் சில வருஷம்தான் பாக்கி. நீங்களா எதையும் சொல்லாதீங்க. சில பேருக்கு நோய் இப்படித்தான் போகும். அவ்வளவுதான்."

எல்லோருடைய நோயும் அப்படித்தான் போகும், யாரும் கவனிக்காவிட்டால். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

கையெழுத்துப் போட வேண்டிய நாள். சென்னை மருத்துவமனையின் நடைபாதையில் ஒரு பெஞ்ச். எஸ்தர் மடியில் ஜெனி. மோசஸ் எழுந்து என்னிடம் வந்தான். கோபம் எதுவும் இல்லை அவன் முகத்தில். நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"மேடம், மூடிக்கினு வருதுன்னு சொன்னீங்க. நல்லாத்தானே இருந்துச்சு. மறுபடியும் எப்டித் தொறந்துச்சு?"

அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு வாசல் இருந்தது. 'சில சமயம் அப்படி ஆகும்பா' என்று சொன்னால் போதும். பொய் சொன்ன மாதிரியும் இருக்காது. அவன் தலையாட்டியிருப்பான். குழந்தை இறந்தாலும் விதி என்று என் காலில் விழுந்து அழுதிருப்பான். மேலதிகாரி சொன்னது, என் பென்ஷன், என் பெயர் எல்லாம் அந்த ஒரு மூச்சில் வந்து நின்றன.

"மறுபடியும் தொறக்கல மோசஸ். அது மூடவே இல்ல" என்றேன். "நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். சத்தம் குறைஞ்சுது, அதனால மூடுதுன்னு நினைச்சேன். அன்னிக்கே எக்கோ எடுக்க அனுப்பியிருக்கணும். அனுப்பல. எட்டு மாசம் போயிடுச்சு. அந்த எட்டு மாசம் இருந்திருந்தா டாக்டர் இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டாரு. என்னோட தப்பு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்களுக்கு இது தெரியணும்."

எஸ்தரின் வாய் திறந்தபடி நின்றது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஜெனி "வலிக்குதும்மா" என்று நெளிந்தது.

"நான் லட்டு குடுத்தேனே மேடம்" என்றாள் எஸ்தர். "உங்களுக்கு நான் லட்டு குடுத்தேனே."

மோசஸ் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ஆனால் மெதுவாகத்தான் பேசினான்.

"பாய்லர்ல ஸ்டீம் லீக் ஆவற சவுண்டு திடீர்னு நின்னுச்சின்னா நாங்க சந்தோசப்பட மாட்டோம் மேடம். உயிரைக் கையில புட்ச்சிக்கினு ஓடிப்போய் மீட்டரைப் பாப்போம். எனக்கு அது தெரியும். பத்தாவது ஃபெயிலு நானு. ரெண்டு பக்கமும் ப்ரெஷர்னு நீங்கதான எனக்குப் படம் போட்டுச் சொன்னீங்க?"

அவன் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

"சவுண்டு நின்னுச்சின்னு என்கிட்ட சொல்லியிருந்தாக்கூட நான் கேட்டிருப்பேனே மேடம், மீட்டர் பாத்தீங்களான்னு."

என் படிப்பிலும் அனுபவத்திலும் நான் கேட்ட மிகக் கூர்மையான கேள்வி அதுதான். தேர்வாளர்கள் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

அவன் படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டான். ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. எஸ்தர் என்னிடம் கேட்டாள்: "உங்க பொண்ணா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

அதற்கு முன்னால் பல தாய்மார்கள் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். சாமர்த்தியமாக எதையாவது சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. "ஆபரேஷனுக்கு விடுவேன்" என்றேன். "ஆனா நான் ஏற்கெனவே ஒருதடவை தப்பாச் சொன்னவ. அதையும் சேத்து யோசிச்சிக்கோ."

மோசஸ் திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமலே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷன் நடந்தது. ஜெனி டேபிளில் இறக்கவில்லை. ஆனால் அது பாதி வழிதான் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் மத்தியானம் நான் விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் எஸ்தரும். உள்ளே நர்ஸ் மூச்சுக்குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். தினமும் செய்கிற வேலை. திடீரென்று ஜெனியின் முகம் சாம்பலாகி, கறுத்து, நான் அதுவரை எந்தக் குழந்தையிலும் பார்க்காத ஒரு நிறத்துக்குப் போனது. நுரையீரலின் குழாய்கள் சட்டென்று இறுகிக்கொண்டுவிட்டன. திரையில் எண்கள் விழுந்துகொண்டே இருந்தன. நாலு பேர் கட்டிலைச் சூழ்ந்தார்கள். ஒருவர் கையால் காற்றை அழுத்தினார், ஒருவர் மருந்தை ஏற்றினார். யாரும் கத்தவில்லை. அவர்கள் அவ்வளவு அமைதியாக வேலை செய்ததுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வேறு யாரும் பக்கத்தில் இல்லை என்பதால் பிடித்திருப்பாள். நகம் பதிந்து ரத்தம் வந்தது. நான் கையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எண்கள் விழுவது நின்றது. பிறகு ஒவ்வொன்றாக ஏறின. அந்த அறுவை சிகிச்சை மருத்துவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பிற்பாடு வெளியே வந்து, "துண்டுல விட்ட துளைதான் காப்பாத்துச்சு" என்றார். எஸ்தர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதேபோல இன்னும் இரண்டு முறை வந்தது. ஒன்பதாம் நாள் மூச்சுக்குழாயை எடுத்தார்கள். ஜெனி முதலில் கேட்டது தண்ணீர். அடுத்தது நைனா, அவளுடைய அப்பா.

இன்றைக்கு ஜெனி பள்ளிக்கூடம் போகிறாள். நுரையீரல் அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அழுத்தம் இறங்கியிருக்கிறது, ஆனால் மற்றப் பிள்ளைகள் அளவுக்கு இல்லை. அந்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறாள். அந்த நிற்றல் என்னால் வந்தது. குழந்தை பிழைத்துவிட்டாளே, ஏன் இன்னும் அதையே நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவள் பிழைத்தது மற்றவர்களுடைய திறமை. அவள் படியில் நிற்பது என்னுடைய வேலை. இரண்டையும் ஒன்றாகக் கலக்க எனக்கு உரிமையில்லை.

உங்களிடம் நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. நோயாளி நன்றாகிவிட்டதாகத் தோன்றும் இடத்தில்தான் இன்னொரு தடவை பாருங்கள். மோசமாகும்போது எல்லோரும் பார்ப்பார்கள். நன்றாகும்போது ஏன் நன்றாகிறது என்று கேட்க ஆள் இருக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அவர்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஜெனியை வீட்டுக்கு அனுப்பிய நாளையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மோசஸ் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. டிஸ்சார்ஜ் அன்று காலை நான் போனபோது அவன் ஜெனியின் சிகிச்சை நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது நான் போட்டுக் கொடுத்த நோட்டு. அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தான்.

"அன்னிக்கு எங்ககிட்ட சொன்னீங்களே, அதை இதுல எழுதுங்க."

"எழுதறேன்பா" என்று பேனாவை எடுத்தேன். கை பழக்கத்தில் இங்கிலீஷில் ஆரம்பித்தது. அவன் விரலை வைத்துத் தடுத்தான்.

"இங்கிலீஷ்ல வேணாம். நான் படிக்கிற மாதிரி எழுதுங்க. இதுக்கு அப்புறம் எந்த டாக்டராண்ட போனாலும் மொதல்ல இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். என் பொண்ணு பெருசானதும் அதுவும் படிக்கணும்."

எடுத்தவுடன் 'நோயின் போக்கு காரணமாக' என்று எழுத வந்தது. எழுதவில்லை. அவன் பார்த்துக்கொண்டே நிற்க, இப்படி எழுதினேன்: 'ஒன்றரை வயதில் இந்தக் குழந்தையின் நெஞ்சில் சத்தம் குறைந்தது. ஓட்டை மூடுகிறது என்று நான் தவறாகச் சொன்னேன். எக்கோ எடுக்க அனுப்பவில்லை. அதனால் எட்டு மாதம் தாமதமாயிற்று. பெற்றோர் மேல் தவறு இல்லை.'

கடைசி வரியை அவன் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன்.

மோசஸ் நோட்டை வாங்கி, வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. அந்த வரியை மட்டும் எஸ்தரிடம் காட்டினான். பிறகு நோட்டை மறுபடியும் என்னிடம் நீட்டினான்.

"பேரும் போடுங்க மேடம்."

முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.